தரங்கம்பாடிச் சிறையும் மனச்சான்றின் உரிமையும்

வேளாங்கண்ணிக் கடற்கரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படுவோமானால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி என்னும் நான்கு ஊர்களைக் கண்டுவிடலாம். வலப்புறத்தில் வங்கக்கடல், இடப்புறத்தில் காவிரியின் கிளைகள் பாய்ந்து செழிக்கும் நெல்வயல்கள். வாணிகம் நாடி வந்த ஐரோப்பியர் இக்குறுகிய கரையில் அடுத்தடுத்துத் தம் கொடிகளை நாட்டினர். நாகப்பட்டினத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் குடியேறினர். 1658-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றி, 1781 வரை வைத்திருந்தனர். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் இடம்பெற்றனர். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

இவர்கள் அனைவரும் கிறித்தவர்களே. ஆயினும் ஒரே திருச்சபையினர் அல்லர். போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் உரோமைத் திருச்சபையார். டச்சுக்காரர் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையார். டேனியர் லூத்தரைப் பின்பற்றியவர். ஐரோப்பாவில் இப்பிரிவினர் ஒருவரோடொருவர் நடத்திய போர்களின் கசப்பு, மிளகும் துணியும் ஏற்றிச் சென்ற அதே கப்பல்களில் நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர், கத்தோலிக்கக் குருமாருக்கு எவரும் புகலிடம் தரலாகாது என்று 1658-இல் கடுமையான ஆணை பிறப்பித்தனர். கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் என்னும் குருவானவர் 1687-இல் மாறுவேடம் பூண்டே அத்தீவில் கால்வைக்க வேண்டியிருந்தது. அவரைக் கண்டியின் பௌத்த மன்னர் முதலில் ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டார். பின்னர் ஐயம் நீங்கி உரிமையோடு உலவவிட்டார். கிறித்தவர் ஆட்சியில் ஒளிந்து வாழ்ந்த ஒரு கிறித்தவக் குரு, பௌத்தர் ஆட்சியில் வெளிப்படையாக வழிபாடு நடத்தினார். இவ்வேறுபாடு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது அன்றோ?

தன் மனச்சான்றின் உரிமையைக் காத்துக்கொள்ளக் கடல்கடந்தவன், பிறனுடைய மனச்சான்றையும் மதிக்கின்றானா? குடியேற்ற நாடுகளின் சமய வரலாற்றைப் பயிலும் மாணவர் கேட்க வேண்டிய தலையாய வினா இதுவே. இவ்வினாவுக்கு உலகம் நன்கறிந்த விடை அமெரிக்காவின் கீழைக் கரையில் கிடைக்கின்றது. அதனைச் சுருக்கமாகக் கண்டபின் நம் தரங்கம்பாடிக்கு வருவோம்.

இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்று ஒரு சாரார் இருந்தனர். 'தூய்மையாளர்' என்று அவர்களைத் தமிழில் கூறலாம். அரசுத் திருச்சபையின் சடங்குகளில் தூய்மை குன்றிவிட்டது என்பது அவர்கள் கொள்கை. அதற்காகத் துன்புறுத்தப்பட்ட அவர்களுள் பெருந்தொகையினர் 1630 முதல் மாசசூசெட்ஸ் கரையில் குடியேறினர். தம் உள்ளம் விரும்பிய வண்ணம் இறைவனை வழிபட வேண்டும் என்பதே அவர்கள் வேட்கை. அவ்வுரிமை கிடைத்தது. கிடைத்தபின் என்ன செய்தார்கள்?

ரோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர், மனிதரின் மனச்சான்றை ஆளும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று கூறினார். அந்நாட்டுப் பழங்குடியினரின் நிலத்தை அவர்களிடமிருந்து முறையாகப் பெறாமல் வெறும் அரச சாசனத்தைக் காட்டி உரிமை கொண்டாடுவது தவறு என்றும் கூறினார். 1635-இல் அவரை நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு அவர் பழங்குடியினரிடம் நிலம் பெற்றுப் புதிய ஊர் ஒன்றைத் தோற்றுவித்தார். ஆன் ஹட்சின்சன் என்னும் பெண்மணி தம் இல்லத்தில் கூட்டம் கூட்டிச் சமயப் பொருள் பேசினார். போதகர் சிலரின் கொள்கையைக் குறை கூறினார். 1637-இல் விசாரணை நடந்தது. 1638-இல் அவரும் வெளியேற்றப்பட்டார். குவேக்கர் பிரிவைச் சார்ந்த மேரி டயர், வெளியேற்றப்பட்ட பின்னும் மீண்டும் பாஸ்டன் நகருக்கு வந்தார். 1660-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தூக்கிலிடப்பட்டார். அவரைத் தூக்கிலிட்டவர்கள், இங்கிலாந்தில் தாமே சமயத்தின் பெயரால் துன்புற்றவர்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இதற்குக் காரணம் வெறும் கொடுமைக் குணமன்று. சிறு குடியேற்றம் ஒன்று எப்போதும் அச்சத்தோடு வாழ்கின்றது. முன்னே கடல், பின்னே அறியாத நாடு, நடுவே ஒரு கைப்பிடி மக்கள். அங்கே ஒருவன் மாறுபட்டுப் பேசினால், அது கருத்து வேறுபாடாகத் தோன்றுவதில்லை. மதிலில் விழுந்த விரிசலாகவே தோன்றுகின்றது. 'இவன் நம் ஒற்றுமையைக் குலைக்கின்றான்' என்று ஆள்வோர் அஞ்சுகின்றனர். மறுப்புக்கும் கலகத்திற்கும் உள்ள வேறுபாடு அந்த அச்சத்தில் மறைந்துபோகின்றது.

இதே அச்சத்தை நம் சோழ மண்டலக் கரையிலும் காணலாம். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். கோட்டை சிறியது, படையும் சிறிது. டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவதற்குப் பல திங்கள் ஆகும். ஊரைச் சுற்றிலும் தஞ்சை அரசின் நாடு. ஊருக்குள் தமிழ் வணிகரும், இசுலாமிய வணிகரும், போர்த்துக்கீசிய மரபில் வந்த கத்தோலிக்கரும் வாழ்ந்தனர். இவர்களுள் எவர் மனம் கோணினாலும் வாணிகம் கெடும். ஆகவே கம்பெனியார் சமயப் பரப்பில் நாட்டம் கொள்ளவில்லை. தம் மக்களுக்கென 1701-இல் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். அதற்கு டேனிய போதகர்களை அமர்த்தினர். அவ்வளவே.

இந்நிலையில் 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளுட்சோ என்னும் இரு செர்மானியர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது வயது 24 அளவே. அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். கம்பெனி அவர்களை அழைக்கவில்லை, விரும்பவும் இல்லை. இரண்டு அதிகாரங்களுக்கு இடையே அவர்கள் நின்றனர். மன்னரின் ஆணை கையில் இருந்தது. ஆனால் மன்னர் இருந்ததோ கடலுக்கு அப்பால். கோட்டைத் தலைவர் ஹாசியுசோ கண்ணெதிரே இருந்தார்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. டேனியரும் இவ்விருவரும் லூத்தரின் வழியினரே. எனினும் இவர்கள் செர்மனியில் தோன்றிய 'பயட்டிசம்' என்னும் பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர்கள். கொள்கையை வாயால் ஒப்புக்கொண்டால் போதாது, உள்ளம் மாற வேண்டும், வாழ்வு திருந்த வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கருத்து. இதன் தலைவருள் ஒருவரான ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, இக்கருத்துகளுக்காகவே 1691-இல் எர்பர்ட் நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர். பின்னர் அவர் ஹாலே நகரில் அநாதைச் சாலையும் பள்ளிகளும் நிறுவிப் புகழ் பெற்றார். இவர் பெயரை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இவரை மீண்டும் சந்திப்போம்.

பக்தி இயக்கத்தாரின் போதனை, கோட்டையில் இருந்த டேனியரின் செவிக்கு இனிமையாக இல்லை. அவர்களது குடியையும் ஒழுக்கக்கேட்டையும் இளம்போதகர் கண்டித்தார். 1707-ஆம் ஆண்டு மே திங்களில் ஐவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தன் அடிமை தன்னோடு ஒரே இறைவனின் பிள்ளை ஆகிவிட்டான் என்பதை எல்லா எசமானரும் எளிதில் பொறுத்துக்கொள்வரோ? அதே ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் தமிழருக்கெனப் புதிய எருசலேம் என்னும் சிற்றாலயம் திறக்கப்பட்டது.

1708-இல் பூசல் முற்றியது. டேனியப் படைவீரர் ஒருவருக்கும் கிறித்தவரல்லாத பெண் ஒருவருக்கும் மணமுறைக்குப் புறம்பே பிறந்த குழந்தையைக் கத்தோலிக்கராக வளர்ப்பதா என்னும் வழக்கு முதலில் எழுந்தது. அதில் சீகன்பால்கு தலையிட்டார். அடுத்து வந்தது ஒரு கைம்பெண்ணின் வழக்கு. அவள் கணவர் ஒரு தமிழ் நாவிதர், இறந்துபோனார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே கடன் விவகாரம் ஒன்று இருந்தது. ஆதரவற்ற அப்பெண் சீகன்பால்குவை நாடினாள். அவர் அவளுக்காக மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். டேனியரின் ஆலயத்தில் கோட்டைத் தலைவரின் முன் மண்டியிட்டு முறையிடுமாறும் அவளுக்கு அறிவுரை கூறினார்.

ஹாசியுஸ் சினங்கொண்டார். சபையின் நடுவே தம்மை நாணச் செய்ததாக அவர் கருதியிருக்கலாம். சீகன்பால்குவை நேரில் வருமாறு ஆளனுப்பினார். அவரோ, எழுத்து மூலமான அழைப்பாணை வேண்டும் என்றார். உடனே கைது செய்யப்பட்டார். கேட்ட வினாக்களுக்கு விடையளிக்க மறுத்ததும் டேன்ஸ்பர்க் கோட்டையிலேயே சிறை வைக்கப்பட்டார். 1708 நவம்பரில் தொடங்கிய அச்சிறைவாசம் 1709 மார்ச்சு வரை, நான்கு திங்களுக்கும் சற்று மிகுதியாக நீடித்தது. படிக்கவும் எழுதவும் அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. நூலும் எழுதுகோலும் இன்றி ஒரு நாளும் இருந்தறியாத மனிதருக்கு அதைவிடக் கடிய தண்டனை வேறில்லை.

ஹாசியுஸின் பக்கத்தையும் நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரின் அமைதிக்குப் பொறுப்பாளர் அவர். நீதி வழங்கும் உரிமையும் அவருடையது. ஒரு போதகர் வழக்குதோறும் தலையிடுவாராயின் ஆட்சி எவ்வாறு நடக்கும் என்று அவர் எண்ணியது இயல்பே. ஆனால் சீகன்பால்கு கேட்டது என்ன? எழுத்தில் ஓர் ஆணை, அவ்வளவே. வாய்ச்சொல்லால் ஆளும் அதிகாரம், எழுத்தால் தன்னைக் கட்டிக்கொள்ள அஞ்சியது. மனச்சான்றின் உரிமைக்கும் முறையான சட்டத்திற்கும் உள்ள உறவை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. சட்டம் எழுத்தில் இல்லாத இடத்தில், ஆள்வோன் மனமே சட்டம் ஆகிவிடுகின்றது. அங்கே மாறுபட்டுப் பேசுவோருக்கும் காப்பில்லை. கடன் வழக்கில் சிக்கிய ஏழைக் கைம்பெண்ணுக்கும் காப்பில்லை.

சிறைப்பட்டவரின் கதை இதோடு முடிந்திருந்தால், அது ஒரு வீரரின் வரலாறாக மட்டும் நின்றிருக்கும். வரலாறு அத்துணை எளிதன்று. துன்புற்றவர் என்பதனாலேயே சீகன்பால்கு பிறர் சமயத்தை மதித்தவராகிவிடார். ஒருமுறை அவர் ஒரு கோயிலில் நிறுத்தப்பட்டிருந்த மண் உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலைகளை உடைத்தார். இதனைப் பிறர் கூறவில்லை. அவரே எழுதி வைத்துள்ளார். அங்கிருந்த தமிழர் ஒருவர் அவரைத் தாக்கவில்லை. இவை கடவுளர் அல்ல, கடவுளின் காவல் வீரர்களே என்று விளக்கம் கூறினார். மதிலுக்குள் தம் மனச்சான்றுக்கு உரிமை வேண்டியவர், மதிலுக்கு வெளியே பிறர் வழிபாட்டின்மேல் கைவைத்தார். ஆயுதம் இன்றி நின்ற அத்தமிழரோ, சொல்லையே விடையாகக் கொடுத்தார். இவ்விருவருள் எவர் மனச்சான்றின் உரிமையை நன்கு உணர்ந்தவர் என்பதை மாணவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எனினும் அத்தமிழர் கொடுத்த விடை போன்ற விடைகளே சீகன்பால்குவைச் சிறிது சிறிதாக மாற்றின என்று கூறலாம். அவர் தமிழ் கற்றார். தமிழ்ச் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து எழுத்தறிந்தார் என்பர். ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய நீதிநூல்களை 1708-இல் செர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரை அறிவற்றோர் என்று ஐரோப்பியர் கருதுவது அறியாமையால் வந்தது என்றும், அவர்தம் நூல்களைப் படித்தபின் தம் எண்ணமும் மாறியது என்றும் எழுதினார். 1712 முதல் 1714 வரை சமயம், ஒழுக்கம், வாழ்க்கை ஆகியவை பற்றித் தமிழர் பலரிடம் வினாக்கள் விடுத்து, அவர்களிடமிருந்து எழுத்து மூலமாக விடை பெறப்பட்டது. அவ்விடைகளுள் 99 கடிதங்கள் செர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின.

அக்கடிதங்கள் அரிய செல்வம். தமிழர் அவற்றில் அஞ்சாது பேசுகின்றனர். இறைவன் ஒருவனே என்பதை நாங்களும் அறிவோம் என்கின்றனர். உங்கள் சமயம் நல்லதாயின், அதனைப் பின்பற்றுவோர் குடித்தும் தூய்மையின்றியும் வாழ்வது ஏன் என்று கேட்கின்றனர். மாறுபட்ட கருத்து என்பது ஐரோப்பியர் தம்முள் பேசிக்கொண்ட ஒன்று மட்டும் அன்று. அடிமைப்பட்டு அமைதியாக இருந்தார்கள் என்று நாம் எண்ணும் நம் முன்னோரும் அதனைத் தெளிந்த சொற்களில் எடுத்துரைத்தனர். தமக்கு எதிரான சொற்களையும் திரட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினர் தரங்கம்பாடிப் போதகர்கள். அந்த அளவில் அவர்களைப் போற்றுதல் தகும்.

1713-இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் மரபைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி முடித்தார். சிவன், திருமால், அம்மன், ஊர்த்தெய்வங்கள் ஆகியோரைப் பற்றித் தமிழரிடமே கேட்டும், தமிழ் நூல்களைப் படித்தும் எழுதிய நூல் அது. அச்சிடுவதற்காக அதனை ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதனைப் பெற்றவர், முன்னே நாம் நினைவில் இருத்திய பிராங்கே. தம் கருத்துக்காக ஒரு நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்ட அவர், அந்நூலை அச்சிட இசையவில்லை. போதகர்கள் அனுப்பப்பட்டது பிற சமயத்தை ஒழிப்பதற்கே அன்றி, அதன் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் கருத்து. கையெழுத்துப் படி ஆவணச் சாலையில் உறங்கியது. 1867-இல், அதாவது 154 ஆண்டுகள் கழிந்தபின், சென்னையில் முதன்முறையாக அச்சேறியது. மாசசூசெட்ஸில் கண்ட அதே காட்சி அன்றோ இது? துரத்தப்பட்டவர், கதவுக்குக் காவலராக அமர்ந்ததும் கதவை அடைக்கின்றார்.

சீகன்பால்குவுக்கு இறுதியாக வந்த அடியும் தம்மவரிடமிருந்தே வந்தது. 1714-இல் ஐரோப்பா சென்று 1716-இல் திரும்பிய அவர், 1718 அக்டோபர் 11-இல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பெரிதாகக் கட்டித் திறந்தார். அதற்குள் கோட்டைத் தலைவரோடு இருந்த பூசல் ஓய்ந்திருந்தது. ஆனால் கோப்பன்ஹேகனில் இருந்த சமயப் பணிக் குழுவினர் அவர்மேல் குறை கண்டனர். ஆலயம் கட்டுவதும், மனைவி மக்களோடு வாழ்வதும், பள்ளிகள் நடத்துவதும் போதகருக்கு வேண்டாதவை. எளிய திருத்தூதரைப் போல ஊர் ஊராகச் செல்லுக என்று கண்டித்து எழுதினர். உடல் நலிந்திருந்த அவர் 1719 பிப்ரவரி 23-இல் காலமானார். வயது 36. அவர் உடல் புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப்பின் வந்த வரலாற்றிலும் நம் வினா தொடர்கின்றது. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; 1728 அளவில் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தார். தஞ்சை நாட்டில் பல்லாண்டுகள் உபதேசியாராக உழைத்தார். 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். 1741-இல் தியோகு என்பவர் பெற்றார். இராசநாயக்கனுக்கு அது கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் கையால் திருவிருந்து பெற மற்றச் சாதிக் கிறித்தவர் உடன்படார் என்று போதகர்கள் தயங்கினர். கோட்டைத் தலைவருக்கு அஞ்சாதவர்களின் வழிவந்தோர், சாதிக்கு அஞ்சினர்.

அடுத்த நூற்றாண்டில் இதே வழக்கு வேறு உருவில் எழுந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), பெத்லகேம் குறவஞ்சியைப் பாடிய புகழ்மிக்க கவிஞர். சுவார்ட்சு ஐயரின் மாணவர். அவர் காலத்தில் வந்த புதிய போதகர்கள், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று வற்புறுத்தினர். தமிழ் வழக்கங்கள் பலவற்றையும் அதனோடு சேர்த்து விலக்கினர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். 1829-இல் தம் பணியை இழந்தார். அவரை ஆதரித்தவர், இந்து சமயத்தினரான சரபோசி மன்னர்.

இங்கே நாம் இரண்டு உண்மைகளைப் பிரித்தறிதல் வேண்டும். தமிழிசையும் தமிழ் வழக்கமும் ஆலயத்தில் இடம்பெற வேண்டும் என்று அவர் வாதிட்டது போற்றத் தக்கது. சாதி வேறுபாட்டைக் காத்து நின்றது போற்றத் தக்கதன்று. ஒருவர் மாறுபட்டு நின்றார் என்பதனாலேயே அவர் சொல் முழுதும் அறமாகிவிடாது. அதே வேளையில், அவர் சொல் தவறு என்பதனால் அவரது பாட்டையும் பிழைப்பையும் பறித்துவிடுவது விடையும் ஆகாது. தவறான கருத்துக்கு மறுமொழி, சரியான கருத்தை எடுத்துரைப்பதும், இழிவுக்கு ஆளானோர் பக்கம் நிற்பதுமே ஆகும்.

'ஐரோப்பியர் பொறையற்றவர், நம் நாட்டினர் என்றும் பொறையுடையவர்' என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாமா? காவிரி நாட்டில் பெருமைப்படுவதற்குச் சான்றுகள் உண்டு. நாகப்பட்டினத்தில் சிரீவிசய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, சிவநேயச் செல்வரான முதலாம் இராசராச சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தார். நாகூர் தர்காவின் உயர்ந்த கோபுரத்தைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர். நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்திலேயே, 1771-இல், வேளாங்கண்ணி தனிப் பங்காகப் பிரிந்தது. இன்று பல சமயத்தாரும் அத்திருத்தலத்துக்கு வந்து நேர்ச்சை செலுத்துகின்றனர்.

ஆனால் சூடாமணி விகாரத்தின் எஞ்சிய கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. சீகன்பால்குவின் நூல் அச்சேறிய அதே ஆண்டு அது என்பது கருதத் தக்கது. ஓரிடத்தில் அடைபட்ட நூலுக்கு விடுதலை. மற்றோரிடத்தில் எட்டு நூற்றாண்டுக்கு மேலாக நின்ற கோபுரத்துக்கு முடிவு. கோயிலுக்குக் கொடை வழங்கிய நாட்டிலேயே, பிறப்பின் பெயரால் ஒரு சாராருக்குக் கோயில் வாயில் அடைபட்டும் கிடந்தது. பிற சமயத்துக்கு ஊர் அளிப்பது ஒரு பெருமை. தன் சமயத்துக்குள் எழும் மறுப்புக் குரலுக்குச் செவி கொடுப்பது அதனினும் அரியது. முன்னதை மன்னர் தம் கருவூலத்தால் செய்துவிடலாம். பின்னதைச் செய்ய ஒவ்வொருவரும் தம் உள்ளத்தை அடக்க வேண்டும்.

மாசசூசெட்ஸில் துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், தாம் நிறுவிய ஊரில் பிறரைத் துரத்தவில்லை. குவேக்கரின் கொள்கை அவருக்கு அறவே பிடிக்கவில்லை. அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆயினும் அவர்கள் அங்கே அச்சமின்றி வாழ்ந்தனர். 1663-இல் அக்குடியேற்றத்துக்குக் கிடைத்த சாசனம், சமயக் கருத்துக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்று எழுத்திலேயே உறுதி கூறியது. பிறர் கருத்தை ஒப்புக்கொள்வது பொறை அன்று. ஒப்புக்கொள்ளாத கருத்துடையவரும் நம்மோடு வாழ இடந்தருவதே பொறை. அவ்விடம் ஆள்வோரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருத்தல் ஆகாது. எழுதிய சட்டத்தில் நிலைபெற வேண்டும்.

தரங்கம்பாடிச் சிறையில் இருந்தவர் கேட்டதும் எழுத்துத்தான். 1708-இல் அவர் கேட்ட எழுத்து கிடைக்கவில்லை. 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டு, மனச்சான்றின் உரிமையும் தம் சமயத்தைப் பின்பற்றிப் பரப்பும் உரிமையும் எல்லாருக்கும் சமமாக உண்டு என்கின்றது. 'எல்லாருக்கும்' என்னும் அச்சொல்லை மாணவர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். பெருந்தொகையினர்க்கு மட்டும் அன்று. சிறுபான்மையினர்க்கு மட்டும் அன்று. ஒரு சமயத்துக்குள்ளேயே தனியே நின்று மறுப்பவருக்கும், சமயமே வேண்டாம் என்பவருக்கும் அவ்வுரிமை உண்டு.

டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கின்றது. டேனியர் 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர். அங்கே செல்லும் மாணவர்கள் சிறைப்பட்ட போதகரை நினைப்பதோடு நின்றுவிடாது, அவரால் உடைபட்ட உருவங்களின் முன் நின்று அமைதியாக விடை கூறிய தமிழரையும் நினைப்பார்களாக; நீதி கேட்டு மண்டியிட்ட அந்தக் கைம்பெண்ணையும் நினைப்பார்களாக. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவளை ஒரு நாவிதரின் மனைவி என்று மட்டுமே குறிக்கின்றன. மனச்சான்றின் உரிமை பற்றி அங்கே எழுந்த பூசல் அனைத்தும், அவளுடைய சிறு கடன் வழக்கில்தான் முற்றியது.